லோக்கல் சேனல்ல வந்த கடல்

ஞாயித்துக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான். ஒரு டாக்குமென்டரி பாக்கணும்.

நான் கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்பு கம்பெனில ஸ்டோர் கீப்பரு. எங்க மேனேஜரு சனிக்கெழம ஒரு சிடிய கையில குடுத்து, "உலகம் சூடாவுறதால மனுஷங்களுக்கு இன்னா பாதிப்புன்னு இதுல இருக்குது. பாத்துட்டு வந்து திங்கக்கெழம மீட்டிங்ல பேசு"ன்னாரு.

"நானா சார்?"

"நீதான் சும்மாவே பேசிகினு இருக்கியே!"

ஊட்ல சிடி பிளேயர் ரிப்பேரு. சரி, நம்ம கேபிள் பாபு இருக்கான். லோக்கல் சேனல் அவன்துதான். பொறந்தநாள் வாழ்த்து, நகைக்கட விளம்பரம், சாயங்காலம் ஒரு படம், எல்லாம் அவன் ரூம்லருந்துதான் வரும்.

"பாபு, அஞ்சு மணிக்கு இந்த சிடிய போட்டு வுடுப்பா. நான் ஊட்லருந்தே பாத்துக்கறேன்."

"ஊரே பாக்குமேண்ணா?"

"பாக்கட்டுமே! நாலு பேருக்கு அறிவு வளரட்டும்."

இந்த வாயி இருக்குதே, இதால நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல.

சுனாமி வந்து ஆறு மாசம்தான் ஆவுது. அது எனக்கு அந்த நேரத்துல தோணவே இல்ல. இன்னொண்ணும் தோணல. அன்னிக்கிதான் கீழ் போர்ஷன்ல ஹவுஸ் ஓனர் பொண்ணு கவிதாவ பொண்ணு பாக்க வராங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. "இதுவாச்சும் அமையணும்பா"ன்னு ஓனரு காலையில எங்கிட்டயே பொலம்பனாரு.

அஞ்சு மணி. நான் மாடில காப்பியோட ஒக்காந்தேன். கீழ செவ்வாப்பேட்ட மாப்ளையும் அவங்கம்மாவும் கேசரி சாப்டுகினு இருக்காங்க. அங்கயும் லோக்கல் சேனல்தான் ஓடுது. வந்தவங்க கண்ணுல புது டிவி படட்டும்னு ஓனரு சத்தத்த கொறச்சி ஓடவுட்டுருக்காரு.

சிடி முழுக்க இங்கிலீஷு. எனக்கே ஒரு மண்ணும் வெளங்கல. படம் மட்டும் நல்லா வெளங்கிச்சு. கடல் தண்ணி தெருவுல பூந்து ஓடுது. ஜனங்க மூட்ட முடிச்சோட ஓடறாங்க. ஏதோ தூரதேசம்தான், ஆனா பாக்க நம்மாளுங்க மாதிரியே இருக்காங்க. மூலையில பெருசா "நம்ம ஊரு சேனல்"னு பாபு போட்ட பேரு வேற!

கீழருந்து ஒரு கூச்சல். "ஐயோ, கடலு உள்ள வந்துடுச்சு!"

கடலு எங்க தெருவுக்கு வரணும்னா பழவேற்காட்டுலருந்து ரெண்டு பஸ்ஸு மாறணும். அத யோசிக்க யாருக்கு நேரம்?

நான் படி எறங்கறதுக்குள்ள தெருவே வெளிய நிக்குது. பக்கத்து ஊட்டு பாத்திமாக்கா பழவேற்காட்டுக்காரங்க, சுனாமி தண்ணிய கண்ணால பாத்தவங்க. புள்ளைய இடுப்புல இறுக்கிகினு என் கைய புடிச்சிக்கறாங்க. "தம்பி, எங்கம்மா அங்க தனியா கீதுப்பா!"

"அக்கா, அது சிடிக்கா! நான் போடச் சொன்ன சிடி!"

எனக்கு அவ்ளோ வெக்கமா போச்சு. அக்கா என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. "உனுக்கு வேற வேலயே இல்லியா?"ன்னாங்க. நியாயமான கேள்வி.

கீழ் போர்ஷனுக்குள்ள போனா, மாப்ளையோட அம்மா முட்டிவலியில சோபாவ வுட்டு எழ முடியாம தவிக்கறாங்க. கவிதா ஒரு கைய புடிச்சி தூக்குது, ஓனரு இன்னொரு கைய.

"மாப்ள எங்க?"ன்னேன்.

"ஸ்டேஷன் பக்கம் ஓடனாரு"ன்னுச்சு கவிதா.

ஆள் அனுப்பி விஷயத்த சொன்னோம். கால்மணி நேரம் கழிச்சி, கேசரி தட்டோட திரும்பி வந்தாரு. "ஓ, வெறும் படமா?"ன்னு சிரிச்சாரு. அவர தவிர யாரும் சிரிக்கல.

கவிதா பட்டுனு சொல்லிடுச்சு. "வேணாம்ப்பா. பெத்த அம்மாவையே வுட்டுட்டு ஓடறாரு. என்ன எங்க கூட்டிகினு ஓடப்போறாரு?"

மாப்ளையோட அம்மா முட்டிய தடவிகினே, "பொண்ணு சொல்றது கரெக்டுதான்"ன்னாங்க.

ஓனரு மெதுவா என் பக்கம் திரும்பனாரு. அப்புறம் அவரு பேசனதுல பாதிய இங்க எழுத முடியாது.

திங்கக்கெழம மீட்டிங். மேனேஜரு மைக்க நீட்டனாரு. "சொல்லுப்பா, மனுஷங்களுக்கு இன்னா பாதிப்பு?"

"ஊட்ட காலி பண்ணிகினு போவணும் சார். எனக்கு ஒரு மாசம் டைம் குடுத்துருக்காங்க."