ரிசர்வ்ல இருக்கு

ரிசர்வ்காரர்களை உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஸ்கூட்டரைச் சாலையோரத்தில் தரையைத் தொடுமளவுக்குச் சாய்த்துப் பிடித்து, மூடியைத் திறந்து, உள்ளே ஊதி, பிறகு காதை வைத்துச் சலசலப்புக் கேட்கிறதா என்று தவம் கிடப்பாரே, அவரேதான்.

ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. ஆன், ஆஃப், ரிசர்வ். ஆனில் ஓடும் வண்டி திக்கித் திணறி நின்றால், குமிழை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். டாங்கின் அடியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் வரும். பங்க் வரை போய்ச் சேரட்டுமே என்று இரக்கப்பட்டு எவனோ வைத்த ஏற்பாடு. நம்மாள் அதிலேயே குடித்தனம் நடத்துவார்.

கோவில்பட்டியில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் காசிராஜன் இந்த இனத்தில் சொக்கத்தங்கம். அடுப்பு சுரத்தில்லாமல் எரிந்தால், "சிலிண்டரை நல்லா ஆட்டி விடுட்டி, ரிசர்வ்ல ஒரு வாரம் வரும்" என்பார். பற்பசைக் குழாயைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி, வந்த கடுகளவைக் காட்டி, "பாத்தியா, ரிசர்வ்!" என்பார். மூன்று மணி ரயிலுக்கு இரண்டே முக்காலுக்குச் சட்டையை எடுத்துப் பித்தான் தைக்கச் சொல்வார். கேட்டால், நேரம் ரிசர்வில் இருக்கிறதாம்! பன்னிரண்டு வருஷமாக இவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தவள் இசக்கியம்மாள். பாவம், நல்ல பொறுமைசாலி.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் அவள் தம்பி சோலைராஜுக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊரில் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். இவள் வரவில்லையென்றால் போடுவதற்குப் பெரியப்பா மகள் ஜெயப்பிரியா கையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். அவள் மட்டும் போட்டுவிட்டால், ஆயுசுக்கும் ஊர் ஊராகச் சொல்லியே இவளைக் கொன்றுவிடுவாள். முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டு வேனிலேயே போவோம் என்று இசக்கியம்மாள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "நம்ம வண்டி இருக்கையில வேன் எதுக்குட்டி? ஒரு மணி நேரம்தானே!" என்றார் காசிராஜன்.

ஒன்பதரைக்குத் தாலி கட்டு. எட்டேகாலுக்குக் கிளம்பினார்கள். வழியில் பங்க் வந்தது.

"ஏங்க, பெட்ரோல் போட்டுட்டுப் போயிருவோம்."

"இன்னும் ரிசர்வே விழல. விழுந்தாலும் முப்பது கிலோமீட்டர் ஓடும்லா. நீ பேசாம வா."

எட்டயபுரம் தாண்டியது. இரு பக்கமும் கரிசல். உளுந்தும் வேலிக்கருவையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் வண்டி இரண்டு தடவை தும்மி நின்றது. காசிராஜன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! இதற்காகத்தானே மனிதர் காத்திருந்தார்? "பயந்துட்டியா? இப்பப் பாரு" என்று, மந்திரவாதி மாதிரிக் கையை உதறிக்கொண்டு, குமிழைத் திருப்பக் குனிந்தார்.

குமிழ் ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது.

போன தடவை பங்கில் பக்கத்து வண்டிக்காரருக்கு ரிசர்வின் மகிமையை விளக்கிக்கொண்டே பெட்ரோல் போட்டாரா, அந்த மும்முரத்தில் குமிழை ஆனுக்குத் திருப்ப மறந்துவிட்டார். பத்து நாளாக ரிசர்வையும் சேர்த்தே குடித்துத் தீர்த்திருக்கிறது வண்டி. சாய்த்தார். ஊதினார். உலுக்கினார். ம்ஹூம்.

மணி ஒன்பது பத்து. இசக்கியம்மாள் அந்த வழியாக வந்த குட்டி லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முன்னால எடமில்ல மதினி. பின்னால ஆடு நிக்கி" என்றார் டிரைவர்.

"நிக்கட்டும். நானும் நிக்கேன்."

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருபது வெள்ளாடுகளுக்கு நடுவே ஏறிவிட்டாள். "ஏட்டி, ஆட்டோடவா போற? ஊரு சிரிக்கும்லா!" என்று கத்தினார் காசிராஜன். லாரி போய்விட்டது.

மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளி, வேட்டியெல்லாம் புழுதியாக அவர் மண்டபத்தை அடைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. எப்போதும்வென்றானில் தோற்றுப்போய் நுழைந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். வாசலிலேயே சோலைராஜ் மாலையும் கழுத்துமாகக் கட்டிக்கொண்டான். "அத்தான், கெட்டிமேளம் கொட்டப் போகுது, அக்கா லாரியில இருந்து குதிச்சு ஓடி வாரா! தலையில இருந்த பூவ ஆடு தின்னுட்டு. ஜெயப்பிரியா நீட்டுன கையத் தட்டிவிட்டுல்லா முடிச்சுப் போட்டா!"

காசிராஜனுக்கு உயிர் வந்தது. பந்தியில் ஜெயப்பிரியாவுக்கு எதிரில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்லப் போனார்.

"என்மேல கோவம் ஒண்ணும் இல்லியே?"

இசக்கியம்மாள் பாயசத்தை நிதானமாக உறிஞ்சினாள். "ஆளுக கூடியிருக்கையில எப்படிங்க? ரிசர்வ்ல வச்சிருக்கேன். கோவில்பட்டி வரைக்கும் தாங்கும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாகப் பெட்ரோல் போட்டபோது குமிழைத் திருப்பினீர்களா? சரி, வண்டியை விடுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் கொஞ்ச நேரமாகப் பாத்திரச் சத்தமே இல்லையே, கவனித்தீர்களா? எதற்கும் ஒரு எட்டுப் போய், அங்கே குமிழ் எதில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.