இருபத்தேழாம் வரிசைக் கோச்

மெல்பர்னில் இவ்வளவு கூடைப்பந்து பார்த்து, அதில் இவ்வளவு குறைவாகப் புரிந்துகொண்ட மனிதர் கோச் அங்கிளைத் தவிர இன்னொருவர் இருக்க முடியாது. பதினான்கு வருடமாக எங்கள் ஊர் அணி உள்ளூரில் ஆடிய ஒரு மேட்சைக்கூட அவர் விட்டதில்லை. எங்கிருந்து போட்டால் மூன்று பாயின்ட் என்பதில் மட்டும் இன்னும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

ரோவில் புறநகரில் எங்கள் தெருக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பந்தைத் தொட்டதில்லை. நான் திருச்சியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த புதிதில், தெருவில் ஒரு தமிழர் இருக்கிறாரே என்று போய் வணக்கம் சொன்னேன். அந்த வாரமே ஸ்டேடியத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்.

இருபத்தேழாம் வரிசை. அங்கிருந்து பார்த்தால் வீரர்கள் தீப்பெட்டி அளவுதான் தெரிவார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து கோச்சிங், அதுவும் தமிழில்.

"கையை விரி. கிட்ட நிண்டு மறி."

அவரிடம் இருந்த மொத்த வித்தையும் இந்த இரண்டு வாக்கியம்தான். அணி ஜெயித்தால் சொன்னதைக் கேட்டார்கள் என்பார். தோற்றால் சொல்பேச்சு கேட்காத பிள்ளைகள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதுதானே பிரச்சினை என்றார்.

வெளியிலும் ஓய மாட்டார். ஸ்பிரிங்வேல் மீன் கடையில் யார் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று வரிசைக்கே கை காட்டுவார். கோயில் கூட்டத்தில் தலைவர் முக்கால் மணி நேரம் அறிக்கை வாசித்தபோது எழுந்து நின்று டைம்-அவுட் சைகை காட்டினார். தலைவர் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. கூட்டத்தில் மற்ற அத்தனை பேரும் அவருக்கு ரகசியமாக நன்றி சொன்னோம். சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான்.

போன சீசனில் அமெரிக்காவிலிருந்து ஏழடி உயரத்தில் ஒரு கறுப்பின வீரர் வந்தார். அங்கிள் அவருக்கு 'பனை' என்று பெயர் வைத்தார். பனைக்கு ஃப்ரீ த்ரோ வராது. யாரும் மறிக்காமல், நிதானமாக நின்று போடுகிற பந்து அது, அதையும் தவறவிடுவார். வீட்டுக் குசினியில் அடுப்பு முன்னால் நின்று தன் மனைவி அன்ரி எறிந்தாலே விழும் என்று சீசன் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தார் அங்கிள்.

அரையிறுதியின் கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால். பனைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் வீணாய்ப் போயின. நான் அங்கிளின் வசவுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் நான்கு வரிசை கீழே ஒருவன் எழுந்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்று கத்தினான். கூடவே நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை.

அங்கிள் படியிறங்கிப் போனார். அவன் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார். அவன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கிள் இடப்பக்கம் நகர்ந்தார். அவன் வலப்பக்கம் சாய, இவரும் வலப்பக்கம். அவன் கையிலிருந்த பியர் இவர் ஜெர்ஸி முழுக்கக் கொட்டியது. இவர் அசையவில்லை. தன் கோச்சிங்கை அவரே செய்து காட்டி அன்றுதான் பார்த்தேன். சொல்லக்கூடாது, நன்றாகவே மறித்தார்.

செக்யூரிட்டி வந்தார்கள். கத்தியவன் தன் இருக்கையில் இருந்தான். மறித்தவரை வெளியே கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

காரில் வரும்போது, சீசன் முழுக்க நீங்களும்தானே அவரைத் திட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நான் பேசினது ஆட்டத்துக்குத் தம்பி. அவன் பேசினது ஆளுக்கு." பியரில் நனைந்த ஜெர்ஸியை ஒரு கையால் உதறிக்கொண்டே ஓட்டினார். "உந்த வசனம் எனக்குப் பழக்கம். வந்த புதுசிலை ஃபாக்டரியிலை ஒவ்வொரு நாளும் கேட்டனான். அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை."

மேட்ச் என்ன ஆனதென்று ஃபோனைப் பார்த்தேன். கடைசி நொடியில் பனை பந்தைப் பிடித்துப் போட்டு ஜெயிக்க வைத்திருந்தார். அங்கிளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இருக்கையை விட்டு எழுந்து தகராறு செய்ததற்காக அவருக்கு ஒரு சீசன் தடை. இப்போது தன் வீட்டு டிவியிடம் இரண்டடி தூரத்தில் நின்று கத்துகிறார். பக்கத்து நாற்காலியில் நான். என் டிக்கெட்டையும் நான் புதுப்பிக்கவில்லை. பார்க்கிங் தொல்லை தாங்க முடியவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.