சிலிண்டர் அண்ணாச்சியும் ராக்கெட்டின் நாலு காலும்

ராஜபாளையத்தில் நாய்க்குப் பயப்படாத ஆள் ஒரே ஒருவர்தான். அவர் சிலிண்டர் அண்ணாச்சி. மற்றவர்கள் எல்லாம் பயப்படாத மாதிரி நடிப்பவர்கள்.

வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுவது அவர் வேலை. எங்கள் ஊரில் பாதி கேட்டுகளுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கும். தோளில் முப்பது கிலோவை வைத்துக்கொண்டு அதை விரட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. "ஓடுனா காலு போகும் சார். சிலிண்டரைப் போட்டா வேலை போகும். அதனால நின்னேன். நின்னு நின்னே நாய்ப் பாடம் படிச்சேன்" என்பார்.

எங்கள் ராக்கெட்டுக்கு அப்போது ஒன்றரை வயது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம். பிரியம் வந்தால் ஆள் நெஞ்சின் மேல் பாயும். பிரியம் மிஞ்சினால் கையைக் கவ்வும். அந்தப் பிரியத்துக்கு என் வேட்டிகள் ஏழும் கொரியர்காரரின் சட்டை ஒன்றும் பலி. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த பாஸ்டர், 'ஆமென்' சொல்லும்போது கேட்டுக்கு வெளியே இருந்தார்.

இந்த நேரத்தில்தான் என் மாமியாருக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதத்தில் வாக்கரோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ராக்கெட்டின் ஒரு பாய்ச்சல் போதும், புது முழங்கால் போய்விடும். என் மனைவி ஸ்டெல்லா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அம்மா வாரதுக்குள்ள அது திருந்தணும். இல்லன்னா நம்ம வத்திராயிருப்புத் தோப்புல கொண்டு கட்டிப்போடுங்க. துணைக்கு நீங்களும் இருக்கதுன்னா இருந்துக்கோங்க."

ஓடுவதற்கென்றே பிறந்த நாயைச் சங்கிலியில் நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

மறுநாள் சிலிண்டர் வந்தது. ராக்கெட் பாய்ந்தது. அண்ணாச்சி வானத்தைப் பார்த்தபடி மதில்சுவர் மாதிரி நின்றார். மூன்று முறை பாய்ந்தும் பலனில்லாமல், குழம்பிப்போய் அது நாலு காலையும் தரையில் வைத்தது. "சபாஷ்!" என்று பையிலிருந்து நாலு பொரிகடலை போட்டார். இந்த வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாயி நல்லாத்தான் இருக்கு சார். ட்ரெயினிங் உங்களுக்குத்தான் வேணும்" என்றவர், காலி சிலிண்டரை என் தோளில் ஏற்றிவிட்டார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"கை சும்மா இருந்தா தள்ளச் சொல்லும். நீங்க தள்ளுதீங்க, அது வெளாட்டுன்னு நெனைக்குது. கத்துனீங்கன்னா இன்னும் குஷி. மரமா நில்லுங்க. நாலு காலும் தரையில இருந்தாத்தான் பொரிகடலை."

ஒரு வாரம் என் வீட்டு முற்றத்திலேயே சிலிண்டரும் தோளுமாக வானம் பார்த்து நின்றேன். எனக்கு மில் ஆபீஸ் வேலை போய்விட்டதா என்று தெருவில் இரண்டு பேர் ஸ்டெல்லாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

கவ்வலுக்கு வேறு வைத்தியம். பல் பட்டதும் வாய் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். செத்த நேரம் கழித்து வந்து, கடிக்கத் தேங்காய்நார்க் கயிறு கொடுக்க வேண்டும். "பொறவு, இதுக்கு ஓட்டம் பத்தல சார்" என்று, விடிந்ததும் சைக்கிளோடு சஞ்சீவி மலை அடிவாரம் வரை ஓட்டச் சொன்னார். இரண்டாம் வாரம் அதன் கடி தளர்ந்தது. மூன்றாம் வாரம் என் பேண்ட் தளர்ந்தது.

எதிர்வீட்டு மாடியில் இருந்த பேங்க்காரர் மட்டும், பாய்கிற ராக்கெட்டை அள்ளிக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். ஒருவர் கொஞ்சினாலும் அம்புட்டுப் பாடமும் அழிந்துவிடும் என்பது அண்ணாச்சி கட்சி. பேங்க்காரரின் சிலிண்டரைப் பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "நாயைத் தூக்குத கையி இதையும் தூக்கட்டும்." அன்றோடு பேங்க்காரரும் மரமானார்.

அந்த நாள் வந்தது. டாக்ஸியிலிருந்து அத்தை இறங்கி, வாக்கரை ஊன்றி இரண்டு அடி வைத்தார். கொல்லைக் கதவை யார் திறந்துவிட்டார்களோ, ராக்கெட் வெள்ளை மின்னலாக வந்தது. ஸ்டெல்லா கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் கத்த வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். பேங்க்காரர் மாடியில் நின்று வானத்தைப் பார்த்தார்.

வாக்கருக்கு இரண்டு அடி முன்னால் அது பிரேக் போட்டது. உடம்பெல்லாம் நடுக்கம். முன்னங்கால்கள் ஒரு அங்குலம் எழும்பின, இறங்கின, மறுபடி எழும்பின. அப்புறம் பின்பக்கம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. வால் மட்டும் தெருப் புழுதியைக் கூட்டியது.

"ஏட்டி, பூனைக்குட்டியாட்டம் இருக்கு! இதையா கடிநாயின்னு ஒரு மாசமா போன்ல அழுத?" என்றார் அத்தை.

"சபாஷ் ராக்கெட்டு!" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு முழக்கம். நிறை சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி துள்ளிக்கொண்டிருந்தார். தெருவே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கியதை, புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அத்தை வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு சாயங்காலம் தெருவில் நடக்கிறார். பக்கத்தில், அவர் வேகத்துக்கே, ராக்கெட். வேலை முடிந்து மம்சாபுரம் திரும்பும் அண்ணாச்சி, ஹாரன் அடிக்காமல் தன் லோடு ஆட்டோவை அவர்களுக்குப் பின்னாலேயே மெள்ள உருட்டி வருவார். அந்த ஊர்வலம் தெருமுனையில் திரும்பியதும் ஸ்டெல்லா டீக்குப் பால் வைப்பாள். அண்ணாச்சிக்குச் சீனி கொஞ்சம் தூக்கலாக.