சார்ஜ் பாயிண்ட் போராட்டமும் எட்டாவது கோரிக்கையும்

ஏற்காட்டில் இனி ஒரு போராட்டம் நடந்தால் அது தன் தலைமையில்தான் என்று ஐயாக்கண்ணு முடிவு செய்தபோது காலை மணி ஏழு. வெளியே பனிமூட்டம். உள்ளே அதைக் கேட்க அவர் மனைவி வெள்ளையம்மாள் மட்டும். அவளும் மிக்சியை ஓட விட்டிருந்தாள்.

முப்பது வருடம் காப்பி எஸ்டேட் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். எட்டு மணி நேர வேலைக்காகப் பதினேழு நாள் சிறையில் இருந்தவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் மாரமங்கலம் வரைக்கும் வேலை நின்ற காலம் உண்டு. இப்போது மகன் வாங்கிப் போட்ட குடியிருப்பில் மூன்றாம் மாடி. அவருக்காக லிப்ட்கூட நிற்பதில்லை.

அவருடைய போன் அடித்துப் பதினோரு நாள் ஆகிறது. அதுவும் யாரோ நம்பர் மாற்றிப் போட்டது. அந்த ஆளிடம் இருபது நிமிடம் பேசினார்.

குடியிருப்புச் சங்கம் மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் பாயிண்ட் வைக்கத் திட்டம் போட்டிருந்தது. டிரான்ஸ்பார்மர் ஒரே நேரத்தில் இரண்டு வண்டியைத்தான் தாங்கும். அந்த இரண்டு பாயிண்டும் பெரிய கார்கள் நிற்கும் மேற்கூரைக்கு அடியில்தான் என்று செயலாளர் ஜாபெஸ் நோட்டீஸ் ஒட்டினார். செம்மநத்தத்திலிருந்து மின்சார ஸ்கூட்டரில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு அதில் இடமில்லை.

"லத்தி சார்ஜே பாத்தவன் நானு. இந்தச் சார்ஜ் என்னைய என்ன பண்ணும்? பேனாவ எடு புள்ள."

அவர் சொல்ல அவள் எழுதுவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அவருடைய கையெழுத்தைப் போலீசாரே படிக்க முடியாமல் ஒரு வழக்கு தள்ளுபடியாகி இருக்கிறது.

"ஒண்ணு, பாயிண்ட் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல வேணும். ரெண்டு, வரிசைப்படிதான் சார்ஜ். காருன்னு ஸ்கூட்டருன்னு பேதம் கூடாது. மூணு, நாலு பாயிண்ட் வேணும்."

"ரெண்டு வண்டிதானுங்க தாங்கும்?"

"நாலு கேட்டாத்தான் ரெண்டு கெடைக்கும். கேக்கறப்பக் கூட்டிக் கேக்கோணும். எத்தன வருசமாச் சொல்றேன்."

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

ஏழு கோரிக்கை சொல்லி முடித்தார். அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நான் சொன்னத நானே படிக்கோணுமா?"

படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் முழங்கியவர், படிக்காமல் போட்டார்.

கடிதம் ஜாபெஸிடம் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கக் கூட்டம். சட்டைப் பையில் நாற்பது நிமிடப் பேச்சு. உண்ணாவிரதம் இருக்க வேண்டி வந்தால் என்று கையில் ஒரு போர்வை. அவர் தொண்டையைச் செருமுவதற்குள் ஜாபெஸ் எழுந்தார்.

"ஐயா, எட்டுக் கோரிக்கையும் நியாயமுங்க. டிரான்ஸ்பார்மர் தாங்காது, அதனால பாயிண்ட் மட்டும் ரெண்டு. மத்த எல்லாத்தையும் ஏத்துக்கிட்டோம்."

கை தட்டினார்கள். கலைந்தார்கள். தோற்ற போராட்டத்தில்கூடக் கடைசிவரை நாலு பேர் உடன் இருப்பார்கள். இதில் ஜெயித்த பிறகு அவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான் மிச்சம். பேச்சு பையிலேயே இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. எட்டா?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த தன் கடிதத்தைப் படித்தார். 'எட்டு: வரிசையை நேர்மையாக நடத்த ஒருவர் தினமும் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை அங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சம்பளம் இல்லாமல் நானே ஏற்கிறேன்.' கீழே அவர் கையெழுத்து.

மூன்று மாடியும் படியேறியே போனார்.

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

"நாள் பூரா செவுத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கீங்க. பாக்கச் சகிக்கலீங்க. எனக்கும் காது நொம்ப வலிக்குது. அங்க வண்டிய மாட்டுனவங்க ஒண்ணர மணி நேரம் நகர முடியாது. நீங்க பாட்டுக்குப் பேசலாம்."

ஐயாக்கண்ணு மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒன்றரை மணி நேரம். நகர முடியாத மனிதர்கள். கை தானாகப் பையிலிருந்த பேச்சைத் தொட்டுப் பார்த்தது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"அதுக்குப் பன்னெண்டு மணி நேரமா? எட்டு மணி நேரத்துக்காக ஜெயிலுக்குப் போனவன் நானு. முடியாது."

வெள்ளையம்மாள் நெடுநேரம் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"செரி, விடுங்க. எட்டாவே வெச்சுக்கலாம்."

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு பேச்சுவார்த்தையில் வெற்றி. ஐயாக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா? உறுதியா நின்னா எந்த நிர்வாகமும் எறங்கி வந்துதான் ஆகோணும்."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். மேடைமேல் ஒரு புது நோட்டு. அட்டையில் அவளுடைய குண்டு எழுத்து: 'சார்ஜ் வரிசை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. பொறுப்பு: ஐயாக்கண்ணு.' மை காய்ந்து நாளாகியிருந்தது. பக்கத்தில் டிபன் டப்பா. மதியத்துக்கு மட்டும்.

"இதென்ன புள்ள, எட்டு மணி நேரம்னு முன்னாடியே எழுதி வெச்சிருக்கற?"

"ஏனுங்க, எட்டு கெடைக்கோணும்னா பன்னெண்டு கேக்கோணுமுங்களே" என்றாள் வெள்ளையம்மாள். "நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."