பெயரிடப்படாதது நாற்பத்தெட்டு

ஒரு காட்டில் ஒரு தவளை சேற்றை வழித்து வழித்து வரப்பு பூசிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் முழங்கை வரைக்கும் சேறு. இந்தப் பக்கம் பூசினால் அந்தப் பக்கம் வெடிப்பு விட்டது. அதை அடைத்துவிட்டுத் திரும்பினால் முதலில் பூசினது காய்ந்து உதிர்ந்தது. குளம் என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போது ஒரு யானைக்காலடிப் பள்ளம் அளவுக்கு வந்துவிட்டது. அதில் அவளுடைய தலைப்பிரட்டைகள் அறுபத்திரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நீந்தின. தண்ணீர் நாலு நாளைக்குத்தான் காணும்.

அவள் பெயர் முத்துப்பேச்சி. நாலு பேர் நடுவில் கொட்டாவி விடக்கூடக் கூச்சப்படுகிறவள். மூன்றாவது வரைக்கும் படித்திருக்கிறாள். நாலாம் வகுப்புக்கு ஆமை வாத்தியாரைப் போட்டிருந்தார்கள். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

மற்ற தவளைகள் எல்லாரும் போன மாதமே மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு அடுக்குமாடிக்குப் பின்னால் சாக்கடை இருக்கிறதாம். பன்னிரண்டு மாதமும் தண்ணீராம். கொசு தானாகவே வாய்க்கு வருமாம். கால் முளைக்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முத்துப்பேச்சி எங்கே போவாள்? தங்கிவிட்டாள்.

அந்தக் காட்டு வழக்கம் என்னவென்றால், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் ஒன்று மலைக்கு மேலே வரும். கீழே ஆயிரம் தவளைகள் சேர்ந்து கூப்பிட்டால் பெய்யும். ஒரு தவளை குறைந்தாலும் அடுத்த காட்டைப் பார்க்கப் போய்விடும். மேலிடத்து உத்தரவு அப்படி.

பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார் வெள்ளையப்பர். அவர் கொக்கு. தண்ணீர் இன்னும் இரண்டு விரல் இறங்கினால்தான் தலைப்பிரட்டைகள் அவருடைய அலகுக்கு எட்டும். அதனால் பேச்சு மிகவும் அன்பாக இருந்தது.

"என்ன தாயி, ஏன் மூஞ்சி வாடியிருக்கு? ஆயிரம் பேர் எதுக்கு? மனசார ஒருத்தி பாடினாப் போதும். உள்ளேருந்து வர்ற குரலுக்கு உலகமே இறங்கி வரும்" என்றார்.

கதை என்றால் இந்த இடத்தில் அது பலிக்க வேண்டும் அல்லவா? முத்துப்பேச்சியும் அப்படித்தான் நம்பினாள். மூன்று மணிக்கு மேகம் வந்தது. அவள் கண்ணை மூடி, பிள்ளைகளை நினைத்து, நெஞ்சு வலிக்க வலிக்கக் கூப்பிட்டாள். "கொர்ர்... கொரக்... கொரக்..."

மேகம் ஒரு நிமிஷம் நின்று பார்த்தது. "பாவம், யாருக்கோ தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி பள்ளத்துக்கு மேலே முள் கிளை ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, மலைக் குகையில் இருந்த இருளாண்டியைப் பார்க்கப் போனாள். இருளாண்டி ஒரு வௌவால். மலையேற வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன லேப்டாப்பும் சோலார் பலகையும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் அவனிடம் இருந்தன. அன்றிலிருந்து அவன் சவுண்டு இன்ஜினியர். வௌவால் என்றால் பகலில் தூங்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு அவனுக்குப் பகலிலும் தூக்கமில்லை, ராத்திரியிலும் தூக்கமில்லை.

குகைக்குள் நுழைந்தவுடன் அவளுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. சுவர் முழுக்க இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது.

"எதுக்குண்ணே இவ்வளவு பஞ்சு?"

"எதிரொலியைக் கொல்றதுக்கு. குகைன்னா எதிரொலிக்கும்ல? ரெக்கார்டிங் கெட்டுப் போயிரும்."

"அப்ப பாட்டுல எதிரொலி வேணும்னா?"

"அதுக்கு எஃபெக்ட் இருக்கு தங்கச்சி. 'குகை எதிரொலி'ன்னே பேரு. தத்ரூபமா இருக்கும்."

முத்துப்பேச்சி வந்த காரியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கேட்டுவிட்டு இருளாண்டி சிரித்தான். அவன் தலைகீழாகத் தொங்கினதால் லேப்டாப்பையும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவள் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்தாள்.

"இதுக்குப் பேரு ஹோஸ்டு. காலி வீடு மாதிரின்னு வச்சுக்க. இதுக்குன்னு சொந்தக் குரல் கிடையாது. தவில், வயலின், யானைப் பிளிறல் எல்லாம் தனித்தனியா பிளக்-இன்னா வரும். வேணுங்கிறதை உள்ள குடி வைக்கலாம். உனக்கு 'தவளைக் கூட்டம்'னு ஒண்ணு இருக்கு. நீ ஒரு தடவை கத்து. அது ஆயிரம் பேரா கத்தும்."

"ஆயிரமாண்ணே?"

"வேணும்னா ரெண்டாயிரம்."

மகராசன் நன்றாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். இருளாண்டி பொத்தானை அமுக்கினான். உடனே ஒரு கட்டம் வந்தது. அதில் 'ஒன்று, நானூற்றுப் பன்னிரண்டில்' என்று எழுதியிருந்தது.

"இது என்னண்ணே?"

"முதல் தடவை திறக்கிறப்போ குடியிருக்கிறவங்க எல்லாரையும் எண்ணிப் பார்த்துக்கும்."

"நானூத்திப் பன்னெண்டும் நீங்க வாசிப்பீங்களா?"

"மூணுதான் தங்கச்சி வாசிப்பேன். மீதி சும்மா இருக்கட்டுமேன்னு."

வெயில் ஏறிக்கொண்டே போனது. பள்ளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போவது அவளுக்கு இங்கிருந்தே தெரிகிற மாதிரி இருந்தது. 'இருநூற்று எட்டு' என்ற இடத்தில் அது நின்றுகொண்டது. இருளாண்டி லேப்டாப்பைத் தட்டினான், ஊதினான், சாமி கும்பிட்டான். மறுபடி ஓடியது. மத்தியானத்துக்குத்தான் எண்ணி முடித்தது.

பிறகு அவளை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டினான். தவளைக்கு ஹெட்போன் நிற்குமா? கொடியால் கட்டினான்.

"கொரக்" என்றாள் முத்துப்பேச்சி.

கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்குள் "கொரக்" என்று கேட்டது.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள்! "கொரக் கொரக்? யாரு, செண்பகம் மதினியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு, செண்பகம் மதினியா?" என்று அந்தப் பக்கமும் கேட்டது. "நான் முத்துப்பேச்சி மதினி!" என்றாள். அந்தப் பக்கமும் முத்துப்பேச்சி என்றது.

"தங்கச்சி, அது நீதான்" என்றான் இருளாண்டி. "லேப்டாப்பு பழசு. நீ பேசுறது உள்ள போய்ச் சுத்தி வர நேரமாகும்."

முத்துப்பேச்சி ஹெட்போனை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு கூப்பிட வேண்டியதைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

இருளாண்டி வேலையை ஆரம்பித்தான். இதைக் கூட்டினான், அதைக் குறைத்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கை நடுங்க, "ஆகா! ஆகா! இந்த மேல் சுருதியைக் கேளு தங்கச்சி! தேன் மாதிரி இருக்கு. எப்படி?" என்றான்.

அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஆனால் இவ்வளவு பாடுபட்ட மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்குக் குகை வாசலில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டார்கள். மேகம் வந்தது. ஒன்றும் கேட்காமல் போயே போய்விட்டது. ஏழு மலையில் இருந்த வௌவால்கள் மட்டும் தூக்கம் கலைந்து வந்து, "என்னா மிக்ஸிங்! என்னா மிக்ஸிங்!" என்று இருளாண்டியைச் சுற்றி ஆடினார்கள். ஒருவன் அழுதேவிட்டான்.

முத்துப்பேச்சி திரும்பி வந்து பார்த்தபோது, வெள்ளையப்பரின் அலகு முள் கிளையின் இடுக்கு வழியே நுழைந்து தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"நான்தான் சொன்னேன்ல தாயி. மெஷின்ல ஜீவன் இருக்காது. ஜீவன்தான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, பள்ளத்துக்குள் இருந்த அறுபத்திரண்டு ஜீவனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

முத்துப்பேச்சிக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இருக்கிற பாசியை எல்லாம் அள்ளி முள்ளுக்கு மேலே அடைத்தாள். விடிந்ததும் விடியாததுமாகக் குகைக்கு ஏறிப் போனாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நீங்க போட்டது எனக்கு ஒரு மண்ணும் கேக்கலை."

இருளாண்டிக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "நல்லாருக்குன்னு சொன்ன?"

"மரியாதைக்குச் சொன்னேண்ணே. மரியாதையைப் பார்த்தா என் பிள்ளைங்க கருவாடாயிரும்."

அவன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டான். ரசனை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று முனகினான். ஆனால் குமிழைப் பிடித்துக் கீழே திருகினான், இன்னும் திருகினான். வௌவால் காதுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருந்த சத்தம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. திடீரென்று குகை அதிர்ந்தது.

கொரக் கொரக் கொரக் கொரக்! ஆயிரம் பேர். ஆயிரமும் அவள் குரல். முத்துப்பேச்சி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள், விரல் இடுக்கு வழியாகச் சிரித்தாள்.

மூன்று மணிக்கு அந்தச் சத்தம் மலையைத் தூக்கியது. மேகம் அலறியடித்துக்கொண்டு வந்து நின்றது. இடி ஒன்றைக் கனைத்து, பெய்ய வாயைத் திறந்தது. அப்போதுதான் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் நடுவில் புகுந்தது.

"இது சோதனைப் பதிப்பு. முழுப் பதிப்பைப் பெற்று மகிழுங்கள்."

மேகம் வாயை மூடிக்கொண்டது. "நடுவுல பேசினது யாரும்மா?"

இருளாண்டி பஞ்சுக்குள் ஒளிந்துகொண்டான். முத்துப்பேச்சிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அது... அந்தத் தவளைக் கூட்டம் இன்னும் டிரையலுங்கய்யா" என்றாள்.

"அப்ப கீழ ஆயிரம் பேர் இல்லையா?"

"நான் ஒருத்திதாங்கய்யா."

அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மேகம் அப்படிப்பட்டதில்லை. பல வருஷம் சர்வீஸ் போட்ட மேகம். உத்தரவை எடுத்து மேலும் கீழும் வாசித்துப் பார்த்தது.

"ஆயிரம் குரல் கேட்டா பெய்யணும்னு போட்டிருக்கு. தொண்டையும் ஆயிரம் இருக்கணும்னு போடலை. ஆனா சோதனைப் பதிப்புக்கு முழு மழை கொடுத்தேன்னு தெரிஞ்சா மேல இருக்கிறவங்க என்னை ஆவியாக்கிருவாங்க. ஒண்ணு பண்றேன். அரை நிமிஷம் சோதனை மழை தர்றேன். பிடிச்சிருந்தா முழு மழைக்கு விண்ணப்பம் போடு. ஒரு ஆளுக்கு ஒரு சோதனைதான், சொல்லிட்டேன்."

அரை நிமிஷம் பெய்தது. குழாயைத் திறந்து மூடின மாதிரி நின்றது. பள்ளத்தில் ஒரு விரல்கடைத் தண்ணீர் ஏறியது. அந்த நேரம் பார்த்து லேப்டாப் உறைந்து, அணைந்து, மறுபடி எழுந்தது. போட்டு வைத்த வேலை எதையும் காணோம்.

"டிரையல்ல சேமிச்சு வைக்க விடமாட்டான் தங்கச்சி" என்றான் இருளாண்டி பஞ்சுக்குள்ளிருந்து. பல நாள் தூங்காதவன், அப்படியே குறட்டை விட ஆரம்பித்தான்.

முத்துப்பேச்சி தனியாக நின்றாள். தலைகீழாக இருந்த திரையைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அதற்குள் வழி பிடிபட்டிருந்தது. தவளைப் படத்தை இழுத்து வீட்டுக்குள் குடி வைத்தாள். சிவப்பு வட்டத்தை அமுக்கி ஒரு கத்து கத்தினாள். முக்கோணத்தை அமுக்கினாள். ஆயிரம் பேர் கிளம்பினார்கள். திரையின் தலைப்பில், பெயர் வைக்காத வேலைக்கு லேப்டாப் தானாகவே போடுகிற பெயர் ஒன்று எழுதியிருந்தது. மூன்றாவது படித்த படிப்பை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டாள்.

"யாரும்மா அது? உனக்குத்தான் கொடுத்தாச்சே!" என்றது மேகம்.

"இது வேற ஆளுங்கய்யா. பேரு பெயரிடப்படாதது இரண்டு."

மேகம் திரையைக் குனிந்து பார்த்தது. ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தது. எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு அரசாங்க மேகம் வேறு எதை நம்பும்? "புது ஆளா? சரி. ஒரு சோதனை மழை."

பெய்தது. உறைந்தது. எழுந்தது.

"பெயரிடப்படாதது மூன்றுங்கய்யா."

"சரி."

"பெயரிடப்படாதது பதினெட்டு."

"உங்க குடும்பம் ரொம்பப் பெருசும்மா. ஒரு பேர் வைக்கக்கூட ஆள் இல்லையா?"

"எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கய்யா."

வெயில் சாயும்போது பெயரிடப்படாதது நாற்பத்தேழு வந்துவிட்டுப் போயிருந்தது. பள்ளம் குட்டையாகி, குட்டை குளமாகி, கரை தளும்பியது. அறுபத்திரண்டும் அகலமான தண்ணீரில் எந்தப் பக்கம் நீந்துவது என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடின. வெள்ளையப்பர் கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்றார்.

"என்னதான் சொல்லு. இந்த மழையில மண்வாசனையே வரலை" என்றார். பிறகு இறக்கையை உதறிக்கொண்டு, ஜீவன் உள்ள வேறு குளத்தைத் தேடிப் பறந்து போனார்.

மழைச் சத்தம் கேட்டுக் காடே குகை வாசலில் கூடிவிட்டது. மானுக்குப் புல் வேண்டும், பன்றிக்குச் சேறு வேண்டும், மயிலுக்கு ஆடுவதற்குச் சாக்கு வேண்டும். "எங்க பக்கத்துக்கும் எப்படிக் கூப்பிடறதுன்னு சொல்லிக் கொடு முத்துப்பேச்சி" என்று நச்சரித்தார்கள். "முழுப் பதிப்பு வாங்கிட்டா இன்னும் சுலபமா இருக்காதா?" என்று மான் கேட்டது.

நாலு பேர் நடுவில் கொட்டாவி விடக் கூசுகிறவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதை மட்டும் செஞ்சிராதீங்க மதினி. முழுப் பதிப்புன்னா பேர் வைக்கணும். பேர் வச்சா ஒரு ஆளுதான். ஒரு ஆளுக்கு ஒரு மழைதான். அதனால நான் என்ன சொல்றேன்னா, திரையில பேர் கேக்கிறப்போ நீங்க மட்டும் வாயைத் திறக்காம..."

"பெயரிடப்படாதது நாற்பத்தெட்டு!" என்று மேலேயிருந்து மேகம் கத்தியது. "வரிசையில இருக்கியாம்மா, இல்ல நான் கிளம்பட்டுமா?"

"இந்தா வந்துட்டேங்கய்யா!" என்று முத்துப்பேச்சி ஒரே தாவாகத் தாவி உள்ளே ஓடினாள்.

நீதி: மனசார ஒரு தடவை கூப்பிட்டவளைத் தொண்டை கட்டியவள் என்பார்கள், பெயரில்லாமல் நாற்பத்தெட்டு தடவை வந்தவளைப் பெரிய குடும்பத்துக்காரி என்பார்கள். ஆகவே பிள்ளைகளே, முழுப் பதிப்புக்கு அவசரப்படாதீர்கள்.