போனோடு வந்த ஆப்பு

சாயங்காலம் 'ஆபீஸ்' முடிந்து வந்த ஸ்டோர்காரர், சாப்பாட்டு டப்பாவைச் சமையல் மேடைமேல் வைத்தார். பக்கத்திலேயே போனையும் வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. போன் 'டிங்' என்றது. மனைவி எட்டிப் பார்த்து ஒரே மூச்சில் படித்தாள்.

"'கால்வாய்ப் பூங்காவில் இன்று வெகுநேரம் இருந்தீர்கள். எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்.' என்னங்க இது?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"விளம்பரம்மா. எல்லாருக்கும் அனுப்பறான்."

"எல்லாருமா பூங்காவுல இருந்தாங்க?"

"இருந்தா எப்படி இருக்கும்னு கேக்கறான்."

"ஓ" என்றாள் அவள். டப்பாவை எடுத்துக் கழுவப் போனாள். அந்த 'ஓ'வின் நீளம் அவருக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பெயிண்ட் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக அவர் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தார். எந்த நிறம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். போன மாதம் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை உள்ளே வைத்தது, அவரை வெளியே வைத்தது. ஒரு கையில் பணிநீக்க உத்தரவைக் கொடுத்தார்கள், இன்னொரு கையில் நினைவுப் பரிசாக ஒரு புது போன். "நல்லா வேலை பாக்கறேன்னு குடுத்தாங்க" என்று போனை மட்டும் வீட்டில் காட்டினார். உத்தரவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கிளம்பினார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். வேலை கேட்டுப் போன இடங்களில் வயதைக் கேட்டார்கள், பிறகு தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். மிச்சப் பொழுது முழுக்கப் பூங்கா பெஞ்சில் கழிந்தது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் பசியே இருக்காது. மிச்சம் வைத்தால் மாட்டிக்கொள்வோமே என்ற பயத்திலேயே தின்று முடிப்பார்.

அந்தப் போனிலோ அவர் கேட்காத சாமான்கள் ஏகப்பட்டது. உலகத்தில் எங்கே தீப்பிடித்தாலும் முதலில் அவருக்குச் சொல்ல ஒரு ஆப். சட்டை வாங்கச் சொல்லி நச்சரிக்க ஒன்று. மிட்டாயை உடைத்து விளையாட ஒன்று. போகிற இடமெல்லாம் வால் பிடித்து வருகிற இது ஒன்று. 'ஆப்' என்று பாதியில் நிறுத்திவிட்டார்களே தவிர, ஒரு 'பு' சேர்த்தால்தான் பொருள் முழுசாகிறது.

நாளைக்கு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிவது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார்.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய் விளையாட்டை அழுத்திப் பிடித்தார். 'இந்தச் செயலியை நீக்க முடியாது' என்றது போன். செய்தியை அழுத்தினார். நீக்க முடியாது. சட்டைக் கடையை அழுத்தினார். நீக்க முடியாது. இத்தனை வருஷம் உழைத்த மனுஷனை ஒற்றைத் தாளில் நீக்கிவிட்டார்கள். நேற்றைக்கு வந்த மிட்டாய்க்கு என்ன ஒரு நிரந்தர உத்தியோகம்!

எழுந்து, தெருமுனை போன் கடைக்குப் போனார்.

"இதையெல்லாம் கழட்டணும்மா."

"முடியாது சார். கம்பெனியே உள்ள வெச்சு அனுப்பறது" என்றாள் கடைக்காரி.

"நான் கேக்கவே இல்லையே!"

"கேட்டா வெக்கறாங்க? முடக்கி வேணா வைக்கலாம். செத்த மாதிரி கிடக்கும். அப்டேட் வந்தா திரும்ப எழுந்துக்கும்."

"என்னால அப்படி எழுந்துக்க முடியலையேம்மா."

கடைக்காரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "கவர் ஏதாவது போடணுமா சார்?" என்று கேட்டாள்.

மறுபடியும் பெஞ்சுக்கு வந்து ஆவேசமாக முடக்க ஆரம்பித்தார். பேர் தெரிந்தது, தெரியாதது, பார்த்தாலே பிடிக்காதது என்று வித்தியாசம் பார்க்கவில்லை. கடைசியில் போன் பரம சாதுவாகிவிட்டது. 'டிங்' இல்லை, 'டொங்' இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தார். பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருக்குமே, அதையும் காணோம். போன் பேசுகிற ஆப்பையே முடக்கியிருந்தார்.

தூக்கிவாரிப்போட்டது. அவள் கூப்பிட்டிருந்தால்? கிடைக்கவில்லை என்று கம்பெனிக்கே போன் போட்டிருந்தால்? விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் செருப்புக் குவியல். எல்லாம் பெண்கள் செருப்பு. பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் இத்தனை செருப்பு கிடந்தால் அது நல்லதுக்கு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாக மனைவியின் குரல் கேட்டது. நல்ல திடமான குரல்.

"அழுத்திப் பிடிங்க. 'நீக்கு'ன்னு வரலையா? கோவப்படாதீங்க. அமைப்புகளுக்குள்ள போய் முடக்குங்க. தானா அப்டேட் ஆகறதையும் நிறுத்துங்க. பேசற ஆப் மேல மட்டும் கை வெச்சுடாதீங்க. அந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க."

உள்ளே ஒரே சிரிப்பு. ஸ்டோர்காரர் கதவோரம் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"இன்னிக்கு இதோட போதும். நாளைக்குப் பாக்கலாம்."

"வர்றோம் டீச்சர்" என்று ஒவ்வொருத்தியாக அவரைத் தாண்டிப் போனார்கள்.

"டீச்சரா! எப்போல இருந்து?"

"உங்க சட்டையில பெயிண்ட் தின்னர் வாசனை வர்றது நின்னு போச்சே, அப்போல இருந்து."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

"நீங்க குளிக்கப் போறப்பல்லாம் உங்க போன்தான். நீங்க பூங்காவை விட்டுக் கிளம்பினா எனக்குச் சேதி வர்ற மாதிரி பண்ணி வெச்சிருந்தேன். அதைப் பாத்துத்தான் இவங்களை அனுப்புவேன். இன்னிக்கு என்னமோ வரலை."

"அதையும் முடக்கிட்டேன்."

"தெரியுது."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"காலையில உக்காந்து ஷூவுக்கு அப்படிப் பாலிஷ் போடறீங்க. அதைப் பாத்துட்டு எப்படிங்க கேப்பேன்?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் போனை வாங்கி, நாலு தட்டு தட்டினாள். பச்சைப் பொத்தான் வந்து சேர்ந்தது. மிட்டாயும் சட்டைக் கடையும் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரமும் அவற்றோடு போய்விட்டது போல அவருக்கு இருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"இனிமே அந்தப் பூங்கா வேணாம்மா. நாளையில இருந்து வீட்லயே ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"ஓரம் எங்கங்க இருக்கு? இப்பவே கூடம் பத்தலை. நாளையில இருந்து வகுப்பே பூங்காவுலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்போ நான்?"

"எப்பவும் போல காலையிலயே போய், அந்த பெஞ்சுல எனக்கு இடம் பிடிச்சு வெச்சுட்டு, நான் வந்ததும் எழுந்துடுங்க."