பதினேழு முறை அழுத்திய எலி

ஒரு காட்டில், அதுவரை தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொண்டிருந்த விலங்குகளெல்லாம் திடீரென்று ஒன்றையொன்று சான்றிதழ் கேட்கத் தொடங்கிய வருஷம் அது. காட்டின் ஓரத்தில், நிலக்கடலைத் தோட்டம் ஒன்றை ஒட்டி, எலிகளின் குடியிருப்பு இருந்தது. அங்கே இருளப்பன் என்ற எலியும் அவன் மனைவி பேச்சியும் வாழ்ந்துவந்தார்கள்.

ஒருநாள் வன அலுவலகத்தின் சுவரில் அறிவிப்பு ஒன்றை ஒட்டினார்கள். எலிகள் எப்போது பார்த்தாலும் பதற்றமாகவே இருக்கின்றனவாம். அவற்றின் மனத்தைத் தேற்ற ஓர் ஆலோசகரை நியமிக்கப் போகிறார்களாம். தகுதி, தொலைநிலைக் கல்வியில் அறிமுக உளவியல் தேர்ச்சி. ஆலோசகர் எந்த வளைக்குள்ளும் எந்நேரமும் போய்வரலாம். எலிகள் ஏன் பதறுகின்றன என்று ஓர் எலியைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் கிடைத்திருக்கும். அலுவலகத்தில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை.

படிப்பில் சேர்ந்தவர்கள் பலர். அந்த வேலைக்காகச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் இருளப்பன். மற்றது தவசிநாதன் என்ற காட்டுப்பூனை.

"அந்தப் பூனைக்கு இந்த வேல கெடச்சா நம்ம கதி என்னாகும்னு யோசிச்சியா?" என்றான் இருளப்பன்.

"அதுக்கு எதுக்குய்யா படிக்கணும்? எல்லாருமாச் சேந்து ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருவோம்" என்றாள் பேச்சி.

"நீ படிக்காதவ. ஒனக்கு இதெல்லாம் புரியாது."

அவன் விண்ணப்பம் போட்டு அன்றைக்கு இரண்டாம் நாள்தான்.

படிப்பு மையத்தை நடத்திவந்தது கோட்டைச்சாமி என்ற நரி. புளியமரப் பொந்தில் முன்பக்கம் படிப்பு மையம், பின்பக்கம் ஜெராக்ஸ் கடை. பாடப்புத்தகங்களை அஞ்சலில் அனுப்பினார்கள். அஞ்சல் கொண்டுவருவது ஆமை. ஒரு வருஷப் படிப்புக்கான புத்தகம் ஒன்பதாவது மாதம் வந்து சேர்ந்தது. அதற்கே நரியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனது ஆமை. முந்தைய வருஷம் தேர்வு முடிந்த பிறகுதான் வந்ததாம்.

புத்தகத்தைத் திறந்த இருளப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் எலி. பெட்டிக்குள் எலி, சுற்றுப்பாதையில் எலி, வாலில் மின்சாரம் வைக்கப்பட்ட எலி.

"பேச்சி, இந்தப் படிப்பே நம்மளப் பத்தித்தாண்டி! நான் படிக்கவே வேணாம். இருக்கிறத எழுதுனாப் போதும்."

இருக்கிறதை எழுதினால் மார்க் வரும் என்று நம்பிய முட்டாள், அந்தக் காட்டில் அவன் ஒருவன்தான்.

தேர்வுக்கு முன் ஒரே ஒரு நேர்முக வகுப்பு நடந்தது. அன்றைக்குச் செய்முறை. கம்பி வைத்த பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு நெம்புகோல். நெம்புகோலை அழுத்தினால் ஒரு கடலைப்பருப்பு விழும். எலி எத்தனை முறை அழுத்துகிறது என்று எண்ணி ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

"லேபுக்குன்னு தனியா எலி கெடையாது. நீதான் இருக்கியே, ஏறிக்க" என்றது நரி.

மாணவனாக வந்தவன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். மற்ற மாணவர்கள் சுற்றி நின்றார்கள். முன்வரிசையில் தவசிநாதன், மீசையைத் தடவியபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நெம்புகோலாவது கடலையாவது! இருளப்பன் மூலையில் ஒடுங்கியவன் ஒரு மணி நேரம் அசையவில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் மூத்திரம் போனான், அவ்வளவுதான்.

"சரி, எல்லாரும் எழுதிக்கங்க. பதினேழு" என்றது நரி.

"சார், நான் ஒரு தடவகூட அழுத்தலையே!"

"அது ஒன் சொந்த விஷயம். ரிசல்ட் பதினேழு. அஞ்சு வருஷமா பதினேழுதான். நீ வந்து மாத்தப் போறியா?"

முந்தைய வருஷத்து ரெக்கார்டு நோட்டின் நகல் ஆளுக்கொன்று கிடைத்தது. அதில் முடிவு இப்படி இருந்தது: 'எலி பதினேழு முறை அழுத்தியது. பதினெட்டாம் முறை அழுத்த எலிக்குத் தேவை ஏற்படவில்லை.' தவசிநாதன் அதை முத்து முத்தான கையெழுத்தில் இறக்கி வைத்தது. இருளப்பன் எழுதியது: 'எலி ஒருமுறையும் அழுத்தவில்லை. பூனை பார்த்துக்கொண்டிருந்தது.'

தேர்வு வந்தது. எலியின் அச்சத்தை விளக்குக, பத்து மதிப்பெண். கேள்வியைப் பார்த்ததும் இருளப்பன் பேனாவை எடுத்தான். நான்கு பக்கம் எழுதினான். முதலில் வரும் வாசனையை எழுதினான். புல் அசையாமல் நிற்கும் அந்த நொடியை எழுதினான். கூடப் பிறந்த தம்பி, கடலைச் செடிக்கடியில், கத்தக்கூட நேரமில்லாமல் போனதை எழுதினான். எழுதும்போதே அழுதுவிட்டான். கண்காணிப்புக்கு நின்ற கீரி வந்து, தாளை நனைக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனது.

தவசிநாதன் நரியின் கடையில் வாங்கிய கைடில் இருந்ததை மூன்றே வரியில் எழுதியது. 'எலியின் அச்சம் அது கற்றுக்கொண்ட ஒன்று. கற்றதை மறக்கடிக்க முடியும். அதற்கு எலியும், எலி அஞ்சும் விலங்கும் அடிக்கடி சந்திக்க வேண்டும்.'

தாள் திருத்தியது ஓர் எருமை. ஒரு பக்கம் விடைக்குறிப்பு, மறுபக்கம் வைக்கோல், நடுவில் விடைத்தாள். குறிப்பில் மூன்று வரி இருந்தது, பூனையின் தாளிலும் அதே மூன்று வரி இருந்தது. பத்துக்குப் பத்து. இருளப்பனின் நான்கு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பாடத்துக்குத் தொடர்பில்லாத சொந்தக் கதை' என்று சிவப்பு மையில் எழுதியது. செய்முறையில் முட்டை. மறுமதிப்பீட்டுக்குப் போட்டான். அதே எருமை, அதே கோடு.

எலியைப் பற்றிய பாடத்தில் எலி தோற்றது. பூனை முதல் வகுப்பில் தேறியது. முதல் வகுப்பில் தேறியவரை இனிமேல் 'அது' என்று சொல்வது மரியாதை இல்லை. தவசிநாதன் அவர்கள், எலிகளுக்கான மனநல ஆலோசகராகப் பொறுப்பேற்றார். குடியிருப்புக்கு நடுவிலேயே அவருக்கு மண்ணால் ஓர் அறை கட்டிக் கொடுத்தார்கள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார்.

ஓர் எலியும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வளை வளையாகப் போய் அழைத்தாலும் மண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டன. ஆலோசகர் நாளுக்கு நாள் இளைத்தார்.

இதற்கிடையில் இருளப்பனுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. எலிப் பாடத்தில் அரியர் வைத்த எலி என்று குஞ்செல்லாம் சிரித்தது. அவமானம் அவனை அரித்தது. கடைசியில் அவனும் நரியிடம் போய் கைடு வாங்கினான், கண்ணை மூடிக்கொண்டு உருப்போட்டான், அரியரை எழுதினான். அச்சம் கற்றுக்கொண்ட ஒன்று என்று எழுதினான். பதினேழு என்று எழுதினான். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறினான்.

சான்றிதழோடு ஆலோசகர் அறை வாசலில் போய் நின்றான்.

"உள்ள வாங்க தம்பி. படிச்ச எலிங்களப் பாக்குறதே அபூர்வமா இருக்கு. எனக்கு ஒரு உதவியாளர் வேணும். நீங்களே இருந்துடுங்களேன்" என்றார் தவசிநாதன்.

எந்தப் பூனையும் அவனை 'நீங்க' என்று சொன்னதில்லை. சொந்தப் பெண்டாட்டிகூட எப்போதாவதுதான் சொல்வாள். இருளப்பன் உருகிப்போனான்.

வேலை சுலபம். படிப்பு மையத்தின் பழைய பெட்டியைப் பிரித்து, நெம்புகோலை அறை வாசலில் பொருத்தியிருந்தார்கள். இருளப்பன் அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். வரிசையில் நிற்கிற எலி உள்ளே போகும். அவனுக்கு ஒரு கடலைப்பருப்பு விழும்.

வாசலில் நம்ம இருளப்பனே நிற்கிறான், சட்டையில் பேட்ஜ் வேறு குத்தியிருக்கிறான் என்றதும் எலிகளுக்குத் தைரியம் வந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றன. "பயப்படாதீங்க, எல்லாம் படிச்சவங்கதான்" என்று அவனே தட்டிக் கொடுத்து அனுப்பினான். குணமானவர்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவதாக ஆலோசகர் சொன்னார். அறைக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. அது என்ன வாசனை என்று இருளப்பனின் மூக்குக்கு நன்றாகவே தெரியும். ஆனால் புலன்கள் நம்மை ஏமாற்றும் என்று மூன்றாம் பாடத்தில் படித்திருந்தான். எனவே மூக்கைத் துடைத்துக்கொண்டு கடலையைத் தின்றான்.

பேச்சிக்கு மூன்றாம் பாடம் தெரியாது. அவள் அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"பின்வாசல்னு ஒன்னு கெடையவே கெடையாதுய்யா. சுத்திலும் செவுருதான். போனதுல ஒன்னுகூடத் திரும்பல. மிச்சம் இருக்கிறவங்களக் கூட்டிக்கிட்டு நான் ஓடையத் தாண்டப் போறேன். அந்தச் சனியன விட்டுட்டு வா."

"இதுக்குப் பேரு தவிர்ப்பு நடத்தை" என்றான் இருளப்பன்.

"என்னது?"

"நாலாம் பாடம். சொன்னா ஒனக்குப் புரியாது."

பேச்சிக்குக் கண் கலங்கியது. பிறகு மடமடவென்று நடந்தாள். குடியிருப்பில் மீந்திருந்த எலிகள் அவள் பின்னால் போயின. வரிசையில் ஒரு கிழட்டு எலி மட்டும், காது கேட்காததால், டோக்கனோடு நின்றது. இருளப்பன் நெம்புகோலை அழுத்தினான். அது உள்ளே போனது.

கடலையை அவன் வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"அடுத்தது?"

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். வரிசையில் யாரும் இல்லை. கடலைத் தோட்டம் வரைக்கும் யாரும் இல்லை.

"வெளிய யாருமே இல்லீங்களா, தம்பி?" என்று மறுபடி மரியாதையாகக் கேட்டபடி, மீசையைத் தடவிக்கொண்டு, வாசலுக்கே வந்துவிட்டார் தவசிநாதன்.

இருளப்பனின் உடம்பு முழுக்க ஓடு, ஓடு என்றது. அச்சம் கற்றுக்கொண்ட ஒன்றுதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, பேட்ஜைச் சரிசெய்தபடி அவன் நின்றான்.

அன்று மதியம் ஆலோசகர் வாயைத் துடைத்துக்கொண்டு, தம் ரெக்கார்டு நோட்டை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'எலி பதினேழு முறை அழுத்தியது. பதினெட்டாம் முறை அழுத்த எலிக்குத் தேவை ஏற்படவில்லை.'

இந்தக் கதையின் நீதி, இரண்டு மதிப்பெண்ணுக்கு எதிர்பார்க்கலாம்:

நீதி: புத்தகம் ஒருபோதும் தவறாது. அதில் சொன்னபடி நடக்க எலிகளுக்குத்தான் கொஞ்சம் படிப்புத் தேவைப்படுகிறது.